அயலூரில் ஓர் அடுப்பு

பிறந்த ஊரை விட்டுப் பிழைப்புத் தேடிப் புறப்படுகிறவன் துணிமணிகளை மூட்டையாகக் கட்டுகிறான். சான்றிதழ்களைப் பத்திரமாகப் பெட்டியில் வைக்கிறான். தாய் கொடுத்த செபமாலையைச் சட்டைப் பையில் இட்டுக்கொள்கிறான். ஆனால் அவன் எடுத்துச் செல்ல இயலாத பொருள் ஒன்றுண்டு. அதுவே அவன் வீட்டு அடுப்பு. அயலூரில் மொழியை மறந்தவர் உண்டு. உடையை மாற்றிக்கொண்டவர் பலர் உண்டு. தாய் சமைத்த உணவின் சுவையை மறந்தவரைக் காண்பது அரிது. நாவுக்கு இறைவன் அத்தகைய நினைவாற்றலை அளித்திருக்கிறார்.

இஸ்ராயேல் மக்களின் வரலாறு நமக்குத் தெரிந்ததே. அடிமைத் தளை அறுந்து பாலைவனத்தில் நடந்தவர்கள், எகிப்து நாட்டில் தாங்கள் உண்ட மீனையும், வெள்ளரிக்காயையும், வெங்காயத்தையும், பூண்டையும் எண்ணி அழுதார்கள் என்று எண்ணாகமம் கூறுகிறது. அவர்களது முறுமுறுப்பை நாம் கண்டிக்கிறோம். எனினும் அந்தக் கண்ணீரில் வேறொன்றையும் காணலாம். வானத்தினின்று மன்னா பொழிந்தபோதும் மனிதர் பழகிய குழம்பை நினைத்தார்கள் என்றால், தொழிற்சாலை விடுதிகளில் உண்டு உறங்கும் நம் காலத்துப் பிள்ளைகள் வீட்டுணவை நினைத்து ஏங்குவதில் வியப்பென்ன?

இந்த ஏக்கத்தை நம் கண்முன் காட்டும் ஊர் ஓசூர். தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய மும்மொழிகளும் ஒரே சந்தையில் ஒலிக்கும் எல்லைப்புற ஊர் அது. சந்தையில் மொழி மூன்றாயினும் கேழ்வரகு ஒன்றே. தமிழர் களி என்பதைக் கன்னடர் முத்தே என்பர். தெலுங்கர் சங்கட்டி என்பர். நொய்யை வேகவிட்டு, மாவைக் கொட்டி, துடுப்பால் கட்டியின்றிக் கிண்டி, உருண்டையாக உருட்டி, அவரைக்கொட்டைக் குழம்போடோ கீரைக் கடைசலோடோ உண்பது கிருஷ்ணகிரிச் சீமையின் பழைய வழக்கம்.

1971-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற சிப்காட் நிறுவனம் இவ்வூரில் தொழிற்பேட்டையை நிறுவியது. 1980-ஆம் ஆண்டளவில் மோப்பெட் வண்டிகளும் லாரிகளும் இங்கிருந்து வெளிவரலாயின. பின்னர்க் கைக்கடிகாரத் தொழிலும் வந்தது. தமிழ்நாட்டின் தென் மாவட்டங்களிலிருந்தும் இளைஞர்கள் இங்கு வந்து சேர்ந்தனர். அவர்களுள் நம் கத்தோலிக்கப் பிள்ளைகளும் இருந்தனர். கடலோர ஊரில் வளர்ந்தவனுக்கு மீன் குழம்பு கனவாயிற்று. வெல்லம் சேர்ந்த சாம்பார் நாவில் ஒட்டவில்லை. களியை மெல்வதா, அப்படியே விழுங்குவதா என்று தெரியாமல் தட்டின் முன் விழித்தவர் எத்தனையோ பேர்! “வீட்டுச் சாப்பாடு” என்று பலகை மாட்டிய மெஸ் எங்கேனும் உண்டா என்று தெருத்தெருவாய்த் தேடியவர்களும் அவர்களே. காலம் சென்றது. அவர்களுக்குத் திருமணமாயிற்று, ஊரிலிருந்து அம்மியும் ஆட்டுக்கல்லும் வந்தன, ஓசூரிலேயே வீடும் கட்டிக்கொண்டார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் இன்று கருவாட்டுக் குழம்பையும் உண்கிறார்கள். களியையும் விரும்பி உண்கிறார்கள்.

இப்போது அதே ஊருக்கு வேறொரு தலைமுறை வந்திருக்கிறது. ஒடிசா, பீகார், வங்காளம், அசாம், ஜார்கண்ட் ஆகிய மாநிலங்களிலிருந்து ஆண்களும் பெண்களும் வருகிறார்கள். 2022-ஆம் ஆண்டு நவம்பரில் மத்திய அமைச்சர் ஒருவர், ராஞ்சி, ஹசாரிபாக் பகுதிகளைச் சேர்ந்த சுமார் 6,000 பழங்குடிப் பெண்கள் ஓசூர்க் கைபேசித் தொழிற்சாலையில் வேலை செய்வதற்குப் பயிற்சி பெற்றுள்ளதாக அறிவித்தார். பதினெட்டு, இருபது வயதுப் பெண்கள் இரண்டு நாள் ரயில் பயணம் செய்து, அறியாத மொழி பேசும் ஊரில் இறங்குகிறார்கள்.

இவர்களுள் பலர் நம் விசுவாசத்தில் உடன்பிறந்தவர்கள் என்பதை வாசகர்கள் அறிய வேண்டும். ஜார்கண்ட் மாநிலத்தின் சோட்டா நாக்பூர் பகுதியில் ஓராவோன், முண்டா, காரியா மக்களிடையே கத்தோலிக்க மறை ஆழமாக வேரூன்றியிருக்கிறது. பெல்ஜியம் நாட்டு இயேசு சபைக் குரு கான்ஸ்டன்ட் லீவன்ஸ் அடிகளார் 1885-ஆம் ஆண்டில் அங்குச் சென்று, நிலத்தை இழந்து நின்ற பழங்குடி மக்களுக்காக நீதிமன்றங்களில் துணை நின்றார். அந்த மண்ணின் மைந்தரான டெலெஸ்போர் டோப்போ ஆண்டகை 2003-ஆம் ஆண்டில் இந்தியப் பழங்குடியினரின் முதல் கர்தினாலாக உயர்த்தப்பட்டார். அந்த மக்களின் பேத்திகளே இன்று ஞாயிறு திருப்பலியில் நம் ஆலயத்துப் பின்வரிசைகளில் அமைதியாக முழந்தாளிட்டிருக்கிறார்கள். தமிழ்ப் பாடல் அவர்களுக்குப் புரிவதில்லை. நற்கருணை வேளையில் அடிக்கும் மணி புரிகிறது. திருப்பலி முடிந்ததும் நாம் வீட்டுக்குச் சென்று ஞாயிற்றுக்கிழமைக் குழம்பு வைக்கிறோம். அவர்கள் விடுதிக்குத் திரும்பி, நூற்றுக்கணக்கானோர்க்கு ஒரே அண்டாவில் சமைத்த சோற்றை உண்கிறார்கள்.

“பசிக்குச் சோறு கிடைக்கிறதே, போதாதா?” என்று சிலர் கேட்கலாம். போதாது என்றே சொல்வோம். உணவு மனத்துக்குப் பிடிக்காதபோது உழைப்பவர் குறைவாக உண்கிறார். குறைவாக உண்பவர் இரவு வேலையில் தலைசுற்றி விழுகிறார். கவனிப்பாரற்ற சமையல் பெருந்தீங்காகவும் முடியக்கூடும். 2021-ஆம் ஆண்டு டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர்ப் பகுதித் தொழிற்சாலை விடுதி ஒன்றின் உணவால் 150-க்கும் மேற்பட்ட பெண்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். மனம் பொறாத தோழியர் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் இறங்கி நின்று நியாயம் கேட்டார்கள். அதே நெடுஞ்சாலைதான் கிருஷ்ணகிரி வழியாக ஓசூரைத் தொட்டுச் செல்கிறது. உழைப்பவரின் தட்டில் என்ன இருக்கிறது என்பது நீதியைச் சார்ந்த கேள்வியாகும்.

வீட்டுணவுக்கான ஏக்கம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. மெக்சிக்கோ நாட்டின் கதையைக் கேளுங்கள். 1942 முதல் 1964 வரை அந்நாட்டு ஆண்கள் ஒப்பந்தக் கூலிகளாக அமெரிக்க ஐக்கிய நாட்டுப் பண்ணைகளுக்கு அனுப்பப்பட்டார்கள். ஏறத்தாழ 46 லட்சம் ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. ‘பிராசெரோ’ என்பது அவர்களுக்கு வழங்கிய பெயர். கைவலிமையால் உழைப்பவர் என்பது கருத்து. பகலெல்லாம் குனிந்து காய்கறி பறித்தவர்களுக்குப் பல முகாம்களில் கொடுத்த உணவு, வெள்ளை ரொட்டியின் நடுவே எதையோ வைத்த சான்ட்விச். கூலியைப் பற்றி எழுந்ததைப் போலவே, உணவைப் பற்றியும் அவர்களிடையே ஓயாத முறையீடுகள் எழுந்தன.

அவர்கள் கேட்டது விருந்தன்று. மெக்சிக்கோ நாட்டு ஏழை வீட்டின் அன்றாட உணவு, மக்காச்சோள ரொட்டியும் வேகவைத்த பீன்ஸும் மிளகாய்த் துவையலுமே. அந்த ரொட்டிக்குத் ‘தோர்த்தியா’ என்று பெயர். ஆனால் அந்த எளிய ரொட்டியின் பின்னே பெரிய ஞானம் இருக்கிறது. அந்நாட்டுப் பெண்கள் மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் கொதிக்கவிட்டு, இரவு முழுவதும் ஊறவைத்து, தோலைக் கழுவி நீக்கி, நம் அம்மியைப் போன்ற கல்லில் அரைத்து, கையால் தட்டிச் சுடுகிறார்கள். சுண்ணாம்பில் ஊறுவதால் தானியத்தில் கட்டுண்டிருக்கும் சத்து ஒன்று விடுபட்டு உடலில் சேர்கிறது. ஐரோப்பியர் மக்காச்சோளத்தைத் தம் நாட்டுக்குக் கொண்டு சென்றார்கள். சுண்ணாம்பில் ஊறவைக்கும் அந்தக் கைப்பழக்கத்தைக் கொண்டு செல்லவில்லை. அதன் விளைவாக, மக்காச்சோளத்தையே பெரிதும் உண்டு வாழ்ந்த இத்தாலி நாட்டு ஏழைகளும், பிற்காலத்தில் அமெரிக்காவின் தென்பகுதி ஏழைகளும் ‘பெல்லாக்ரா’ என்னும் கொடிய நோய்க்கு இரையானார்கள். பாட்டியின் கைப்பக்குவம் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுவது, பல நூற்றாண்டுகளாக ஒரு மக்களினம் காத்துவந்த மருத்துவமும் ஆகும்.

இன்னொரு செய்தி நம் இல்லத்தரசியரை வியக்கவைக்கும். நம் வீட்டுக் குழம்பைச் சிவக்கவைக்கும் மிளகாய் மெக்சிக்கோ நாட்டுப் பயிர். போர்ச்சுக்கீசியர் கப்பல்களில் அது நம் நாட்டுக்கு வந்தது. அதற்கு முன் நம் முன்னோர் உறைப்புக்கு மிளகையே நம்பியிருந்தார்கள். இராயக்கோட்டைச் சந்தையில் கூடை கூடையாய்க் குவியும் தக்காளியையும் தோட்டப் பயிராக வளர்த்துப் பழக்கியவர்கள் மெக்சிக்கோப் பகுதி மக்களே. நம்மிடமிருந்தும் அங்குச் சென்றவை உண்டு. கிருஷ்ணகிரிக்குப் புகழ் தேடித் தரும் மாம்பழம் ஆசியாவில் பிறந்து, பிலிப்பைன்ஸ் தீவுகளின் வழியாகக் கடல் கடந்தது. இன்றும் அந்நாட்டார் ஒரு மாம்பழ வகையை ‘மணிலா’ என்றே அழைக்கிறார்கள். புளியைக் கரைத்துச் சர்க்கரை சேர்த்துப் பானமாகக் குடிப்பதும், கொத்தமல்லித் தழையை அன்றாடம் தூவுவதும் அங்கு வழக்கமாகிவிட்டன.

ஆகவே, “இதுதான் எங்கள் வீட்டு உணவு” என்று நாம் பெருமையோடு பரிமாறும் குழம்பிலும் விருந்தாளிகள் இருக்கிறார்கள். மிளகாயை நம் முன்னோர் வாசலில் நிறுத்தி, “நீ எந்த ஊர்?” என்று கேட்டுத் திருப்பி அனுப்பியிருந்தால், இன்று நமக்குக் காரக்குழம்பு ஏது? அசலான வீட்டுச் சுவை என்பது காய்கறியின் பிறப்பிடத்தைப் பொறுத்ததன்று. அன்பான கையொன்று அதைத் தன்னுடையதாக்கிச் சமைப்பதைப் பொறுத்தது.

இந்தக் கண்ணோட்டத்தோடு வடபுலத்துப் பிள்ளைகளின் தட்டைப் பார்ப்போம். அவர்கள் தேடும் உணவு அவ்வளவு அந்நியமானதா? ஜார்கண்ட் மக்கள் ‘மடுவா’ என்று அழைக்கும் தானியம் வேறெதுவுமன்று, நம் கேழ்வரகே. அம்மாவை அவர்கள் வெந்நீர் விட்டுப் பிசைந்து ரொட்டியாகத் தட்டுகிறார்கள். நாம் களியாகக் கிண்டுகிறோம், அடையாகவும் தட்டுகிறோம். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கும் அதிகமான சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. நின்றுகொண்டே வேலை செய்யும் இளம்பெண்ணின் எலும்புக்கு அதைவிட நல்ல உணவு எது? அவர்கள் ‘முங்கா’ என்பது நம் கொல்லைப்புற முருங்கை. வடித்த கஞ்சியில் கீரையை வேகவைத்து அவர்கள் உண்ணும் எளிய குழம்பை நம் கிராமத்துப் பாட்டிமார் கண்டால் உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள்.

ஒடிசா இளைஞன் ஏங்கும் ‘பகாளா’ என்ன தெரியுமா? இரவில் நீர் ஊற்றிவைத்த சோறு. வெங்காயமும் பச்சை மிளகாயும் தொட்டுக்கொள்ள. நம் பழைய சோறே அது! அம்மாநிலத்தார் மார்ச் 20-ஆம் நாளை அவ்வுணவுக்கென்றே கொண்டாடுகிறார்கள். வங்காளத்தார் அதையே ‘பாந்தா பாத்’ என்பர். ஆற்று மீனின்றி உணவு இறங்காத வங்காளத்தானுக்குக் கிருஷ்ணகிரி அணையின் கட்லாவும் ரோகுவும் ஊரை நினைவூட்டும். மொழி தெரியாததால் அவன் கேட்கவில்லை; நாமும் சொல்லவில்லை. அவன் நாள்தோறும் தேடிய உணவு, அடுத்த வீட்டு மண்சட்டியில் மூடியே இருந்தது.

ஒற்றுமைகள் இருப்பதால் வேற்றுமைகள் இல்லையென்று சொல்லிவிட முடியாது. நாம் நல்லெண்ணெயில் தாளிப்போம். அவர்கள் கடுகெண்ணெயைப் புகையக் காய்ச்சித் தாளிப்பார்கள். அந்த நெடி பழகாத மூக்கை உறுத்துவது உண்மையே. அதனால் வாடகை வீடுகளில், “கடுகெண்ணெய் கூடாது, மீன் கூடாது, சமையலே கூடாது” என்று நிபந்தனை விதிக்கும் வீட்டுக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் நாம் தாழ்மையோடு ஒன்று கேட்க விரும்புகிறோம். உங்கள் தந்தையார் தென்னாட்டிலிருந்து முதன்முதல் இவ்வூருக்கு வந்தபோது, கருவாட்டு நெடி தாளவில்லை என்று எந்த வீட்டிலும் முகம் சுளிக்கவில்லையா? அன்று அவருக்கு ஒரு சமையலறையைத் திறந்துவிட்ட பெயர் தெரியாத வீட்டுக்காரர் ஒருவர் இருந்திருப்பார். அந்தக் கடனைத் தீர்க்கும் வேளை இப்போது வந்திருக்கிறது.

இங்கு மீண்டும் மெக்சிக்கோ நாட்டை நினைக்கிறோம். குவாதலூப்பே மாதாவின் பக்தி ஊறிய அந்நாட்டில், வேராகுரூஸ் மாநிலத்தில், லா பத்ரோனா என்னும் சிற்றூர் இருக்கிறது. மத்திய அமெரிக்க நாடுகளின் ஏழைகள் பிழைப்புத் தேடி வடக்கே செல்லச் சரக்கு ரயில்களின் கூரைமேல் ஏறி அவ்வூர் வழியாகப் பயணம் செய்வார்கள். 1995-ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஒரு நாள், கடையிலிருந்து ரொட்டியும் பாலும் வாங்கிவந்த சகோதரிகள் இருவர் தண்டவாளத்தருகே நின்றார்கள். ஓடும் ரயிலிலிருந்தவர்கள் பசிக்கிறது என்று கதறவே, கையிலிருந்ததை அப்படியே கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பினார்கள். தாய் கடிந்துகொள்ளவில்லை. அந்த வீட்டுப் பெண்கள் கூடிச் சோறும் பீன்ஸும் சமைத்து, தோர்த்தியாவோடு பைகளில் கட்டி, தண்ணீர்ப் புட்டிகளோடு ஓடும் ரயிலை நோக்கி நீட்டத் தொடங்கினார்கள். ஊர்ப் பெண்கள் சிலரும் சேர்ந்துகொண்டார்கள். ஆண்டுகள் பல சென்றும் அப்பணி நிற்கவில்லை. 2013-ஆம் ஆண்டில் மெக்சிக்கோவின் தேசிய மனித உரிமைப் பரிசு அப்பெண்களுக்கு வழங்கப்பட்டது. அவர்கள் செல்வந்தர்கள் அல்லர். தங்கள் வீட்டில் உண்டதையே மற்றவருக்கும் கொடுத்தார்கள், எஞ்சியதைக் கொடுக்கவில்லை.

லா பத்ரோனாவின் ரயில் நில்லாமல் ஓடிவிடுகிறது. அப்பெண்களால் ஒரு பொட்டலத்துக்கு மேல் கொடுக்க இயலாது. நம் ஊர்களில் அந்த ரயில் நின்றுவிட்டது. வந்தவர்கள் இறங்கி நம் தெருவிலேயே வாழ்கிறார்கள். ஆதலால் நம்மால் அதிகம் செய்ய இயலும். சோறு போடுவது பெரிது. அடுப்பைக் கொடுப்பது அதனினும் பெரிது. சோறு போடும்போது அவர்கள் நம் விருந்தாளிகள். அடுப்பைக் கொடுக்கும்போது அவர்கள் நம் வீட்டார். தன் கையால் சமைத்து மற்றவருக்குப் பரிமாறுகிறவரே ஓர் ஊரில் வேர் பிடிக்கிறார்.

இதற்குப் பெருஞ்செல்வம் தேவையில்லை. மாதத்தில் ஒரு ஞாயிறு, திருப்பலிக்குப் பின் பங்கு மண்டபத்து அடுப்புகளை அந்தப் பிள்ளைகளிடம் ஒப்படைக்கலாம். அரிசியும் கேழ்வரகு மாவும் கீரையும் நாம் கொடுப்போம். கடுகெண்ணெயை அவர்கள் கொண்டுவரட்டும். அவர்கள் ரொட்டி தட்டுவதை நம் பெண்கள் கற்கட்டும்; களி கிண்டும் துடுப்பை அவர்கள் கையில் நம் பெண்கள் கொடுக்கட்டும். மளிகைக் கடை வைத்திருப்போர், அவர்கள் கேட்கும் நான்கைந்து சரக்குகளை நியாய விலைக்கு வாங்கி வைக்கலாம். வீடு வாடகைக்கு விடுவோர், சமையலறையின் சன்னலை அகலமாக்கலாம், நிபந்தனையைக் குறுக்கலாம். விடுதி உணவு கெட்டிருக்கிறது என்று ஒரு பெண் அழுதுகொண்டு வந்து சொன்னால், பங்குத் தந்தையிடமும் தொழிலாளர் துறை அதிகாரிகளிடமும் அவளோடு சென்று பேசத் தமிழ் தெரிந்த நாமே வேண்டும். இவற்றிற்கெல்லாம் முன்பாக, அவளிடம் ஒரு கேள்வி கேட்கலாம்: “உங்கள் வீட்டில் அம்மா என்ன சமைப்பார்?” சைகையால் கேட்டாலும் போதும். அந்தக் கேள்விக்கு மகிழாத முகம் உலகில் இல்லை.

உயிர்த்த ஆண்டவர் திபேரியாக் கடற்கரையில் தம் சீடர்களுக்குக் காட்சி தந்த விதத்தை எண்ணிப் பாருங்கள். இரவெல்லாம் உழைத்துக் களைத்து வந்தவர்களுக்குக் கரியடுப்பு மூட்டி, மீனும் அப்பமும் ஆயத்தம் செய்து காத்திருந்தார். அவர் சுட்டுவைத்தது கலிலேய மீனவரின் அன்றாட உணவு. அதனோடு, அவர்கள் பிடித்த மீனிலும் சிலவற்றைக் கொண்டுவரச் சொன்னார். தம்முடையதும் அவர்களுடையதும் ஒரே அடுப்பில் சேர வேண்டும் என்று விரும்பினார்.

இரவு வேலை முடிந்து விடியற்காலையில் தொழிற்சாலைப் பேருந்துகள் திரும்பும் வேளையில், ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் நம் இல்லங்களில் அடுப்பு எரிந்துகொண்டுதான் இருக்கிறது. அதனருகே இன்னொருவருக்கு இடமுண்டா என்பதை ஒவ்வொரு குடும்பமும் இம்மாதம் இரவுச் செபத்துக்குப் பின் கூடியமர்ந்து பேசி முடிவு செய்யட்டும்.